ஊரில் என்ன பார்க்கலாம் டீச்சர்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

ஏப்ரல் மாதக் கடைசியில் என் பழைய மாணவன் ஒருவன் ஓசூரிலிருந்து போன் செய்தான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டான், இரண்டு பிள்ளைகள். "டீச்சர், லீவுக்கு தூத்துக்குடி வாறோம். பிள்ளைய ஒவ்வொரு மட்டமும் ஆச்சி வீட்டுல டிவி பாத்துட்டுத் திரும்பிருது. இந்தத் தடவை ஊரைக் காட்டணும். ரெண்டு நாள்ல என்ன என்ன பாக்கலாம்னு எழுதிக் குடுங்களேன்" என்றான்.

எனக்கு இந்த மாதிரி வேலை என்றால் சர்க்கரைப் பொங்கல். அன்று இரவே உட்கார்ந்து எட்டு இடங்களை எண் போட்டு எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நாலாவதாக எழுதியது இது: "உப்பளம். சூரிய உதயத்தின்போது போகவும். படம் எடுக்க அருமையான இடம்."

மறுநாள் காலையில் பதில் வந்தது. "நன்றி டீச்சர். நாலாவது எடத்துக்குப் போயிரக்கூடாதுன்னுதான எங்களைப் படிக்க வச்சீங்க?" பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை.

முதலில் நானும் சிரித்தேன். அப்புறம் காபி ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். அவனுடைய அம்மா உப்பளத் தொழிலாளி. வாய்ப்பாடு சொல்லத் தெரியாமல் நின்ற ஒருநாள் நான் வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவனிடம், "படிக்கலேன்னா நாளைலருந்து உங்கம்மாகூட உப்பு வாரப் போ" என்று சொல்லியிருக்கிறேன். பிறகு போனில் கேட்டபோது அவன் சொன்னான். எனக்கு அந்த நாள் ஞாபகம் இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன் என்பதில் சந்தேகமும் இல்லை. ஏனென்றால் அவன் ஒருவனிடம் மட்டும் சொன்னதல்ல அது. மீனவர் வீட்டுப் பையன் என்றால் "வலை இழுக்கப் போ". துறைமுகத் தொழிலாளி பையன் என்றால் "மூட்டை தூக்கப் போ". எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பிரம்புக்கு அடுத்து அதிகம் புழங்கியது அந்த வாக்கியம்தான். நல்லதற்குத்தான் சொல்கிறோம் என்று நம்பித்தான் சொன்னோம்.

சரி, அவர்கள் மே முதல் வாரம் வந்தார்கள். நானும் கூடவே சுற்றினேன். பார்த்ததை வரிசையாக எழுதுகிறேன். விடுமுறைக்கு எங்கள் ஊருக்கு வருபவர்களுக்கு உபயோகமாக இருக்கும்.

முதல் நாள் அதிகாலை திரேஸ்புரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன்பிடித் துறைமுகத்தில் அவை வரிசையாகக் கட்டிக் கிடக்கும். பெயின்ட் அடிப்பதும் பலகை மாற்றுவதும் வலை பொத்துவதுமாக அங்கே வேறு விதமான சுறுசுறுப்பு. ஆனால் நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. அதனால் மே மாதம் வருபவர்கள் திரேஸ்புரத்துக்குத்தான் போக வேண்டும். படகு வந்து நிற்கும், கூடை இறங்கும், ஏலம் தொடங்கும். ஏலக்காரர் சொல்வது வெளியூர்க்காரர்களுக்கு ஒரு சொல்கூடப் புரியாது, பாட்டு மாதிரி ஓடும். விளமீன், சீலா, பாறை, கணவாய், நண்டு என்று பிள்ளைகள் பெயர் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டன. காலில் பழைய செருப்பு போட்டுப் போங்கள். வேலை செய்பவர்களுக்கு வழி விட்டு ஓரமாக நில்லுங்கள்.

"முத்துநகர்னு ரயிலுக்கே பேரு வச்சிருக்காங்க, முத்து எங்க டீச்சர்?" என்று ஒன்பது வயதுப் பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பி விளையும் பாறைத்திட்டுகளைப் 'பார்' என்பார்கள். சிப்பி பெருகிய வருஷங்களில் மட்டும்தான் முத்துக்குளிப்பு. அப்படிக் கடைசியாக நடந்து முடிந்தது 1961-இல். அதன்பிறகு இல்லை. 1973-இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் இங்கேதான் சிப்பிக்குள் கரு வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள். முத்து போனாலும் சங்கு குளிப்பது இன்னும் இருக்கிறது. இங்கே எடுக்கும் சங்கு வங்காளத்துக்குப் போய்க் கல்யாணமான பெண்கள் கையில் வளையலாகிறது. இதைச் சொன்னதும் அவள் தன் கை வளையலைத் தடவிப் பார்த்தாள்.

அடுத்து பீச் ரோடு. கடலோரமாகவே நடந்தால் 1750-இல் டச்சுக்காரர்கள் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர்ச் சுருக்கம் ஆங்கில எழுத்தில் வி, ஓ, சி. எங்கள் வ.உ.சி.க்கும் அதே மூன்று எழுத்து. கப்பலில் வந்து வியாபாரத்தைப் பிடித்தவர்களின் முத்திரையும், கப்பல் விட்டு அந்த வியாபாரத்தை எதிர்த்தவரின் பெயரும் ஒரே எழுத்தாக அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் வகுப்பில் இதைச் சொன்னால் எந்தப் பிள்ளையும் மறக்காது.

அங்கிருந்து பனிமய மாதா பேராலயம். 1713-இல் கட்டி முடிக்கப்பட்டது. 1982-இல் பேராலயமாக உயர்த்தப்பட்டது. ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்ட் 5-இல் திருவிழா. அந்தப் பதினொரு நாளும் ஊரே தெருவில்தான் இருக்கும். எல்லா மதத்துக்காரர்களும் வருவார்கள். தங்கத்தேர் எல்லா வருஷமும் ஓடாது, விசேஷ வருஷங்களில் மட்டும்தான். கடைசியாக 2023-இல் ஓடியது. வெயில் கொளுத்தும் இந்த ஊரில் மாதாவுக்குப் பெயர் பனிமய மாதா. உள்ளே போய் உட்கார்ந்தால் அந்தப் பெயருக்கு ஏற்ற குளிர்ச்சி இருக்கிறது.

வெளியே வந்ததும் குரூஸ் பர்னாந்து சிலையைக் காட்டினேன். நகராட்சித் தலைவராக இருந்தவர். நாலு பக்கமும் உப்புத்தண்ணீர் உள்ள இந்த ஊருக்கு வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்த்தவர். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அவர் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். ஆறு வயதுப் பையன் உடனே தண்ணீர் பாட்டிலைத் தூக்கிச் சிலைக்குக் காட்டிவிட்டுக் குடித்தான்.

பழைய துறைமுகத்துக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. வெளியே நின்றால் தோணிகள் தெரியும். மரத்தால் செய்த சரக்குத் தோணிகள். ஒரு காலத்தில் எஞ்சினே இல்லாமல் பாய் விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போனவை. இப்போது எஞ்சின் உண்டு. தோணியை நடத்துபவரைத் 'தண்டல்' என்பார்கள். வெங்காயம், காய்கறி, சிமெண்ட், செங்கல் எல்லாம் ஏறும். தென்மேற்குப் பருவக்காற்று வலுத்துவிட்டால் அந்த மாதங்களில் தோணிக்கு ஓய்வு. இந்தத் தோணிக்காரர்களின் வாழ்க்கையை அறிய விரும்புபவர்கள் ஜோ டி குருஸ் எழுதிய 'கொற்கை' நாவலைப் படியுங்கள். அதற்கு 2013-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கொற்கை இங்கிருந்து தெற்கே போகிற வழியில்தான் இருக்கிறது. பாண்டியர்களின் துறைமுகம். இன்று அங்கே போனால் கடலைக் காணோம், வயல்தான். ஆற்று மண் சேர்ந்து சேர்ந்து கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. துறைமுகத்துக்கும் ஆயுசு உண்டு என்பதைக் கொற்கையில் நின்றால் புரிந்துகொள்ளலாம்.

அந்தக் கரையில் நின்றுதான் பிள்ளைகளுக்கு வ.உ.சி. கதையைச் சொன்னேன். 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கம். மறு வருஷமே காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்து தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. எதிரிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. இதுவரை எல்லா ஆசிரியர்களும் சொல்வோம். நான் பல வருஷம் இதோடு நிறுத்திக்கொண்டு, அடுத்துச் செக்கிழுத்த படத்துக்குப் போய்விடுவேன். நடுவில் ஒன்று இருக்கிறது. 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வுக்காகவும் வார விடுமுறைக்காகவும் வேலைநிறுத்தம் செய்தபோது, வக்கீலான அவர் அவர்களோடு நின்றார். நிர்வாகம் இறங்கி வந்தது. அடுத்த சில நாட்களில், மார்ச் 12 அன்று, அவர் கைதானார். கப்பல் ஓட்டினார் என்பதை மட்டும் சொல்லி, யாரோடு நின்றார் என்பதை விட்டுவிட்டால் பாடம் பாதிதான். அன்று அதைச் சொல்லும்போது எனக்கே தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அந்த நாலாவது இடம் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் ரோச் பூங்கா, அப்புறம் மக்ரூன். முந்திரி, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு. இந்த மூன்றும்தான். கூம்பு மாதிரி இருக்கும், வாயில் வைத்தால் கரையும். காற்றுப்பட்டால் நமத்துவிடும், ஆகவே ஊருக்கு வாங்கிப்போகிறவர்கள் இறுக்கமான டப்பாவோடு வாருங்கள். இரவில் பரோட்டா. எந்தக் கடை என்று நான் சொன்னால் இந்தப் பதிவின் கீழே சண்டை வரும். கூட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே போய் நில்லுங்கள்.

இரண்டாம் நாள் உப்பளம்.

நான் அவனிடம், "வேண்டாம்னா விட்டுருவோம்" என்றேன். அவன், "இல்ல டீச்சர், அம்மாவே வாறேன்னுட்டா" என்றான். விடியுமுன் கிளம்பினோம். திருச்செந்தூர் சாலையில் முத்தையாபுரம், முள்ளக்காடு பக்கம் போனால் இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாக உப்பளம்தான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே பாதி வேலை முடிந்திருந்தது. வெயிலுக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்பதால் நடுச்சாமம் கழிந்ததுமே வந்துவிடுகிறார்கள். நான் எழுதிக் கொடுத்த 'சூரிய உதயம்' அவர்களுக்கு வேலை நாளின் பின்பாதி.

அவனுடைய அம்மாவுக்கும் எனக்கும் வயது ஏறக்குறைய ஒன்றுதான். பதினாலு வயதில் உப்பளத்துக்குள் காலை வைத்தவர். முழங்கால் முடியாமல் போனதால் சில வருஷமாக வேலைக்குப் போவதில்லை. வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலைப் பார்த்துப் பார்த்துக் கண்ணும் மங்கல். அவரே கணக்கப்பிள்ளையிடம் போய் அனுமதி கேட்டார். பேத்தியின் கையைப் பிடித்து வரப்பில் கூட்டிப்போனார்.

"இந்தா பாரு தாயி, மொதல்ல பெரிய பாத்தில தண்ணிய விட்டு வத்தப் போடணும். கனமா வந்ததும் சின்னப் பாத்திக்கு மாத்தணும். அப்புறம் உப்பு பூக்கும். அவசரப்படக் கூடாது."

நீண்ட கம்பில் பலகை பொருத்திய வாருபலகையை ஒரு பெண்ணிடம் வாங்கி இழுத்துக் காட்டினார். முழங்கால் முடியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. "அழுத்துனா அடி மண்ணு வந்துரும், மேலாப்ல விட்டா உப்பு வராது. ரெண்டுக்கும் நடுவுல இழுக்கணும்" என்றார். பேத்தி இழுத்துப் பார்த்தாள். கலங்கலாக மண்தான் வந்தது. அங்கிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை வருஷம் 'ஆவியாதல்' பாடம் நடத்தியிருப்பேன்! கரும்பலகையில் ஒரு பாத்தி, மேலே ஒரு சூரியன், நாலு அம்புக்குறி. "கடல் நீர் ஆவியாகும்போது உப்பு கிடைக்கிறது." அதை எழுதிய நேரத்தில் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பலருடைய அம்மாக்கள் சில கிலோமீட்டர் தள்ளி இந்தப் பாத்தியில்தான் நின்றிருப்பார்கள். ஒருநாள்கூட அவர்களில் ஒருவரை வகுப்புக்குக் கூப்பிட்டு, "நீங்க சொல்லிக் குடுங்க" என்று எனக்குத் தோன்றவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரவும் தோன்றவில்லை. நான் அந்த வேலையை வகுப்பில் சொன்னது பயங்காட்ட மட்டும்தான்.

திரும்பி வரும்போது அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அக்கா, ஒங்க பையன்கிட்ட நான் இப்படி ஒரு வார்த்தை சொல்லிருக்கேன். தப்பு" என்றேன்.

அவர் நின்றார். "அவன் என்ட்ட சொல்லவேல்லயே" என்று மகனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். முப்பது வருஷமாக அம்மாவிடம் சொல்லாமல் வைத்திருக்கிறான். அப்புறம் அவர் சொன்னார்: "நீங்களாவது ஒருக்காதான் சொல்லிருப்பீய டீச்சரம்மா. நான் வீட்டுல அவனுக்கு தெனமும் சொன்னதே அதான். படிக்கலேன்னா இந்தக் கெதிதான்னு."

"நீங்க சொல்லலாம்க்கா. பட்டவங்க சொல்றது வேற. நான் சொன்னப்போ வகுப்பே சிரிச்சிருக்கும்லா" என்றேன்.

அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. என் கையில் ஒரு துணி முடிச்சைக் கொடுத்தார். அன்று வாரிய உப்பு. "கல்லுப்பு, ஊறுகாய்க்குப் போடுங்க" என்றார்.

அந்தப் பிள்ளை படிக்க வேண்டும் என்று நானும் அவரும் ஒன்றையேதான் விரும்பினோம். இன்றும் எந்தப் பிள்ளையும் அந்த வெயிலில் போய் நிற்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கால் வெடிப்பையும் கண் மங்கலையும் மழைக்காலத்தில் வேலையில்லாமல் இருப்பதையும் அழகாக்கிச் சொல்வது இன்னொரு தவறு. ஆனால் வேலை கடினமானது என்று சொல்வது வேறு, அந்த வேலையைச் செய்பவர் கேலிக்குரியவர் என்று பிள்ளையின் மனசில் ஏற்றுவது வேறு. இரண்டுக்கும் நடுவில் இழுக்கத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அப்போது தெரியவில்லை, மண்ணையும் சேர்த்து இழுத்துவிட்டேன்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதிய துறைமுகம் 1974-இல் திறக்கப்பட்டது, 2011 முதல் வ.உ.சி. பெயரில் இயங்குகிறது. அலைத்தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடக்கும். பக்கத்தில் முயல் தீவுக் கடற்கரை, காணும் பொங்கலுக்கு ஊரே அங்கேதான் கட்டுச்சோறு கட்டிப் போகும். கடலுக்குள் தெரியும் மற்ற தீவுகள் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை, இறங்க அனுமதி இல்லை. மொத்தம் 21 தீவுகள். அவற்றில் இரண்டு தண்ணீருக்குள் மூழ்கிவிட்டன. ஒரு காலத்தில் வீடு கட்டவும் சுண்ணாம்புக்கும் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். கரையிலிருந்து காட்டி இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நேரம் இருந்தால் ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. நினைவில்லம், பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை, எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு. எல்லாம் ஒரே பக்கம்தான், ஒரு நாளில் முடிக்கலாம்.

இப்போது யாராவது பட்டியல் கேட்டால் உப்பளத்தை இப்படி எழுதிக் கொடுக்கிறேன்: "உப்பளம். பிப்ரவரி முதல் செப்டம்பருக்குள் போகவும். கணக்கப்பிள்ளையிடம் அனுமதி கேட்கவும். வேலை செய்பவரிடம் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். உப்பு எப்படி விளைகிறது என்று அவரிடமே பிள்ளைகளைக் கேட்கச் சொல்லவும்."

என் மாணவர்கள் பலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். உப்பளம், படகு, தோணி, மூட்டை என்று உங்கள் அப்பா அம்மாவின் வேலையைச் சொல்லி நான் உங்களில் யாரை ஏசியிருந்தாலும், மன்னித்துக்கொள்ளுங்கள். அவர்கள் உயிரோடு இருந்தால் இந்த லீவில் பிள்ளைகளை அவர்கள் வேலை பார்த்த இடத்துக்கு அவர்களோடேயே அனுப்பி வையுங்கள்.

ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வாருங்கள். மாங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறேன். அந்த உப்புதான்.